நாராயணஸ்வாமியின் வலது கை

ஹைதராபாத்தை ஒட்டிய ராமச்சந்திராபுரத்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் அந்த நாளில் அசைக்க முடியாத ஒரு நம்பிக்கை இருந்தது. ஒருவரை நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்றால் மேலே யாரோ அவருக்குக் குழி பறித்துவிட்டார்கள் என்று அர்த்தம். வேலை தெரிந்தவனை யாராவது ஆறு வாரம் பெஞ்சில் உட்கார வைப்பார்களா? இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற ஆளைத்தானே அனுப்புவார்கள்? ஆகவே 1978-ல் டர்பைன் அசெம்ப்ளி ஷாப் மேனேஜர் நாராயணஸ்வாமிக்குப் பயிற்சி ஆர்டர் வந்த அன்று சாயங்காலமே அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள்.

"கேள்விப்பட்டேன் மாமி," என்று எதிர் குவார்ட்டர்ஸ் கமலம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கல்பகத்தின் கையைப் பிடித்தாள். "மாமா எப்படி இருக்கார்? ஏதாவது சாப்ட்டாரா?"

"மோருஞ்சாதம்தான் எறங்கித்து," என்றாள் கல்பகம். சொன்னதுதான் தாமதம், அவளுக்கே கண் கலங்கிவிட்டது.

உள்ளே ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்த நாராயணஸ்வாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு வந்த கோபம் கமலத்தின் மேல் இல்லை, ஜெனரல் மேனேஜரின் மேல். காலையில் அந்த மனுஷர் ஆர்டரைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "ஸ்வாமி, ஆறு வாரத்துக்கு அந்த வலது கையைக் கொஞ்சம் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்." வீட்டில் வைத்துவிட்டுப் போவதற்கு அது என்ன குடையா?

அந்தக் கையைப் பற்றிச் சொல்லாமல் நாராயணஸ்வாமியைப் பற்றிச் சொல்ல முடியாது. மன்னார்குடிக்காரர். கிண்டியில் படித்துவிட்டு, ராமச்சந்திராபுரத்தில் பாறையும் முள்ளுமாக இருந்த இடத்தில் தொழிற்சாலை எழும்பிக்கொண்டிருந்த நாளிலேயே வேலைக்கு வந்து சேர்ந்தவர். மின்நிலையங்களுக்கு டர்பைன் செய்வது அவருடைய ஷாப். டர்பைனுக்கு உயிர் அதன் ரோட்டார்: லாரி நீளத்துக்கு ஓர் எஃகுத் தண்டு, அதைச் சுற்றி வரிசை வரிசையாகத் தகடுகள். நீராவி அந்தத் தகடுகளில் மோதும்போது தண்டு சுற்றும்; அதனால்தான் ஊருக்கு விளக்கு எரியும்.

அந்த ரோட்டாரைக் கிரேனில் தூக்கி, தொட்டி மாதிரி வாய் திறந்து கிடக்கும் கீழ்க்கூட்டில் இறக்கி உட்கார வைக்க வேண்டும். தகட்டுக்கும் கூட்டுக்கும் நடுவே மயிரிழைதான் இடைவெளி. எங்கேயாவது இடித்ததோ, ஒரு வருஷத்து வேலை போச்சு. உயரத்தில் கூண்டில் உட்கார்ந்து கிரேனை ஓட்டுகிற அப்துல் ரஹீமுக்கு இந்த இடைவெளி தெரியாது. அவருக்குத் தெரிவது கீழே நிற்கிறவரின் கை ஒன்றுதான். உள்ளங்கையைக் கவிழ்த்து விரலை அசைத்தால் இறக்கு. விரல் நுனி மட்டும் அசைந்தால் நூல் நூலாக இறக்கு. மூடிய முஷ்டி என்றால் நில்.

ஷாப் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கை நாராயணஸ்வாமியின் கை. வேறு யாரும் காட்டியது கிடையாது. தன் கையே தனக்கு உதவி என்பதை வேதவாக்காக வைத்திருந்த ஆசாமி அவர். "ஹாத்வாலே சாமி", அதாவது கைக்கார சாமி, என்று தொழிலாளிகள் அவர் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பார், உள்ளுக்குள் குளிர்ந்துபோவார். ஷாப்புக்கு ஒரு சட்டமும் போட்டு வைத்திருந்தார். ஒரே சமயத்தில் இரண்டு பேருடைய கை தெரிந்தால் ரஹீம் பாய் எதையும் கேட்கக் கூடாது. கிரேனை நிறுத்திவிட்டு, தம்முடைய இரண்டு கைகளையும் கூண்டின் ஜன்னல் விளிம்பில் எல்லாரும் பார்க்க வைத்துவிட வேண்டும். நான் எதையும் தொடவில்லை, நீங்கள் முடிவு பண்ணுங்கள் என்று அதற்குப் பொருள். சட்டம் இருந்ததே தவிர, இரண்டாவது கையைத் தூக்க அந்த ஷாப்பில் யாருக்குத் துணிச்சல்?

ஒரே ஒருவன் வாயைத் திறந்து கேட்டான். அவருக்கு அடுத்த இஞ்சினியர் ஜகதீசன். லாலாகுடா பையன், அப்பா அங்கே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். பேசுகிற தமிழில் பாதி ஹைதராபாத் உருது. வேலைக்கு வந்த நாள் முதல் ரோட்டாரின் மறுமுனையில் டார்ச் பிடித்துக்கொண்டு இடைவெளியைப் பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை. ஒரு தரம், "சார், இந்தத் தபா நான் கை காட்டட்டுமா?" என்று கேட்டான்.

"பேஷா காட்டலாம். நான் செத்தப்புறம் காட்டு," என்றார் நாராயணஸ்வாமி. வேடிக்கையாகத்தான் சொன்னார். சிரித்தவரும் அவர் ஒருவர்தான்.

இப்போது அடுத்த ரோட்டார் தயாராகிக்கொண்டிருந்தது. அவர் பயிற்சி முடிந்து வந்த பிறகுதான் இறக்குவது என்று ஜெனரல் மேனேஜர் வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கை நம்பித்தான் மனுஷர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

பயிற்சி நடந்தது நகரத்துக்குள், பாறைக் குன்றின் மேல் ஒரு பழைய நவாப் பங்களாவில். இந்தியாவின் நாலு திக்கிலிருந்தும் இஞ்சினியர்கள் வந்திருந்தார்கள்: நிலக்கரிச் சுரங்கம், உருக்காலை, டெலிபோன், ரயில்வே. எல்லாரும் நரைத்த தலைகள். பாடம் நடத்த வந்த பேராசிரியர் பாலசுப்ரமணியனுக்கோ மீசை கூட முழுசாகக் கறுக்கவில்லை என்று தோன்றும். நாராயணஸ்வாமி புது பேனாவில் மை நிரப்பிக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்தப் பேராசிரியர் கேள்வி கேட்டார். இவர்கள் பதில் சொன்னார்கள். "அப்படியா?" என்றார். எது சரி என்று கடைசி வரை சொல்லவே இல்லை! சம்பளம் கொடுத்து ஆளை வரவழைத்து இதற்கா ஒரு படிப்பு என்று நாராயணஸ்வாமிக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் குழந்தைகள் விளையாடுகிற மரக்கட்டைகளைக் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு இடது கையால் கட்டைமேல் கட்டை வைத்துக் கோபுரம் கட்ட வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்று அவரை நடத்த வேண்டும். நாராயணஸ்வாமியிடம் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் சின்னசாமி. ஈரோட்டுக்காரர், ரயில்வேயில் பாலம் கட்டுகிற இஞ்சினியர், அதிர்ந்து பேசமாட்டார்.

முதல் கட்டை சற்றுக் கோணலாக உட்கார்ந்தது. நாராயணஸ்வாமியால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சின்னசாமியின் மணிக்கட்டை லபக்கென்று பிடித்தார். அப்புறம் கேட்பானேன்? கட்டைமேல் கட்டையாக ஏறியது. மற்றவர்களுடைய கோபுரமெல்லாம் பொலபொலவென்று சரிந்து விழ, இவருடையது மட்டும் மன்னார்குடி ராஜகோபுரமாக நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். நாராயணஸ்வாமி பெருமை தாங்காமல் பேராசிரியரைப் பார்த்தார்.

பேராசிரியர் அவரைப் பார்க்கவில்லை. கண்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த சின்னசாமியிடம் கேட்டார்: "எப்படி இருந்தது சார், இவ்வளவு பெரிய கோபுரம் கட்டினது?"

"நானுங்களா?" என்றார் சின்னசாமி. "நான் எங்கீங்க கட்டுனேன்? என் கையத்தான் சார் வாங்கிட்டுப் போயிட்டாரே. நான் கிரேன் கொக்கியாட்டம் சும்மா தொங்கிட்டிருந்தனுங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாராயணஸ்வாமியும் சிரித்துவைத்தார். ஆனால் கிரேன் என்ற வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. "கோபுரம் நின்னுதா இல்லையா?" என்று வெளியே வந்ததும் பேராசிரியரை மடக்கினார்.

"நின்னுது சார். ஜோரா நின்னுது," என்று சொல்லிவிட்டு அந்த மனுஷர் டீ குடிக்கப் போய்விட்டார். இவரை என்ன செய்வது?

அதற்கடுத்த வாரம்தான் அந்த விசித்திரம் நடந்தது. ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு புது ஆலைக்குத் திட்டம் போட வேண்டும். நாராயணஸ்வாமி மட்டும் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து அவர்களைப் பார்க்க வேண்டும். பேசக் கூடாது. எழுதக் கூடாது. இரண்டு கையும் முழங்கால் மேலேயே இருக்க வேண்டும். ஆரம்பத்தில் அவருக்கு உடம்பெல்லாம் நமைச்சல் எடுத்தது. ஆளுக்கு ஆள் தப்பு தப்பாகப் பேசுகிறார்கள், நான் சும்மா இருப்பதா?

சும்மா இருந்து பார்த்ததில் மெல்ல ஒன்று தெரிந்தது. சின்னசாமி வாயையே திறப்பதில்லை. ஆனால் அவர் நாற்காலியில் சற்று முன்னே சாய்ந்தால் மற்ற ஐந்து பேரும் தாமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். சுரங்கத்துக்காரர் உரக்கப் பேசுகிறார்; பேசி முடித்ததும் ஓரக்கண்ணால் டெலிபோன்காரர் தலையை ஆட்டுகிறாரா என்று பார்த்துக்கொள்கிறார். ஒருவர் சொன்னது இன்னொருவர் வாயில் கொஞ்சம் வளைந்து, மூன்றாமவரிடம் போய் நிமிர்ந்து, யாருடையது என்றே தெரியாத நல்ல யோசனையாக வெளியே வருகிறது. அடேயப்பா! மனுஷர்கள் நடுவில் இத்தனை நடக்கிறதா? இத்தனை வருஷம் இவர்கள் நடுவில்தானே இருந்தேன், இது என் கண்ணில் படவே இல்லையே என்று நாராயணஸ்வாமி பிரமித்துப்போனார். மணி அடித்ததுகூட அவர் காதில் விழவில்லை.

அந்தப் பிரமிப்பு அடங்குவதற்குள் போன் வந்தது. ஜகதீசன்.

"சார், ரோட்டார சனிக்கிழம காலைல எறக்குறோம். மின்வாரியத்துக்காரங்க அவசரப்படுத்துறாங்களாம். ஜி.எம். ஆர்டர்."

"நான் வர்ற வரைக்கும் யாரும் தொடப்படாதுன்னு சொன்னேனே!"

"ஹவ் சார், சொன்னீங்க. நான் என்னா பண்றது? என்னையே கை காட்டச் சொல்லிட்டாரு."

"அப்போ நான் வரேன்."

"நக்கோ சார், வேணாம். கிளாஸ உட்டுட்டு எதுக்கு…" அவன் முடிக்கவில்லை. பிறகு, "வாங்க சார்," என்றான். குரல் விழுந்துவிட்டிருந்தது.

நாராயணஸ்வாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஜகதீசன் கை கொஞ்சம் நடுங்கினால் போதும், ஒரு வருஷ உழைப்பு நொறுங்கிப் போகும். அந்தப் பயம் நியாயமானது, யாரிடமும் சொல்லலாம். இன்னொரு பயம் அடியில் இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவன் நன்றாகவே இறக்கிவிட்டால்? அதற்கப்புறம் இந்தக் கைக்கு என்ன வேலை?

பேராசிரியரிடம் போய் லீவு கேட்டார். தடுப்பார் என்று எதிர்பார்த்துச் சண்டைக்குத் தயாராகத்தான் போனார்.

"தாராளமா போய்ட்டு வாங்கோ சார்," என்றார் அவர். "திங்கட்கிழமை வந்து, என்ன பாத்தேள்னு மட்டும் எங்களுக்குச் சொல்லணும்."

சனிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கி, நேரே ஷாப்புக்குள் நுழைந்தார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. ரோட்டார் ஏற்கெனவே கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டின் நாலு மூலையிலும் நாலு பேர் டார்ச்சுடன் குனிந்திருந்தார்கள். நடுவில், அவர் எப்போதும் நிற்கிற இடத்தில், ஜகதீசன். அவனுடைய வலது கை உயர்ந்திருந்தது. நாராயணஸ்வாமி சத்தம் செய்யாமல் பக்கவாட்டு மேடையில் ஏறி, கைப்பிடிக் கம்பியோரம் நின்றார். சும்மா பார்ப்பது என்று வழியெல்லாம் தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டுதான் வந்திருந்தார்.

ரோட்டார் இறங்கியது. கூட்டின் வாய்க்குள் நுழைந்தது. உட்கார இன்னும் ஒரு சாண்தான் இருந்தது. அந்த இடத்தில் அவர் எப்போதும் வேகத்தைக் குறைப்பார். ஜகதீசன் இன்னும் குறைக்கவில்லை. குறை, குறைடா! ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இராது என்பார்கள். கிரேனுக்குக் காட்டிப் பழகின கை மட்டும் இருந்துவிடுமா? நாராயணஸ்வாமியின் வலது கை அவரைக் கேட்காமல் மேலே போய்விட்டது.

கிரேன் நின்றது.

உயரத்தில் ரஹீம் பாயின் இரண்டு கைகளும் ஜன்னல் விளிம்புக்கு வந்தன. ஷாப் முழுக்க அந்தக் கைகளைப் பார்த்தது, பிறகு இன்னொரு கை யாருடையது என்று தேடி மேடைப் பக்கம் திரும்பியது. ஜகதீசனும் திரும்பினான். முஷ்டியை மூடிக்கொண்டு, உயர்த்திய கையுடன் அப்படியே நின்றான். அவன் கண்ணில் கோபம் இருந்திருந்தால் நாராயணஸ்வாமி தாங்கியிருப்பார். கோபம் இல்லை. எதிர்பார்த்ததுதானே என்கிற சலிப்பு இருந்தது. மெல்ல, அவன் தன் கையைக் கீழே இறக்க ஆரம்பித்தான்.

அந்தக் கை இறங்கிவிட்டால் மீதி இருப்பது ஒரே கை. ரஹீம் பாய் அதன்படி ஓட்டுவார். இவர் போட்ட சட்டம்தானே? நாராயணஸ்வாமிக்கு ஜகதீசனின் இறங்குகிற கை தெரிந்தது. கூடவே கண்கட்டோடு உட்கார்ந்திருந்த சின்னசாமியின் மணிக்கட்டும் தன் விரல்களுக்குள் இருப்பது போலத் தோன்றியது. சடாரென்று கையைக் கீழே இழுத்தார். அது போதாதென்று தோன்றியது. குனிந்து, ரஹீம் பாய் வைத்திருந்த மாதிரியே, தன் இரண்டு கைகளையும் எதிரே இருந்த கம்பியின் மேல் எல்லாரும் பார்க்க வைத்தார்.

நான் எதையும் தொடவில்லை.

ஜகதீசன் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். நம்ப முடியாதவன் போல ஒரு தரம் ரஹீம் பாயையும் நிமிர்ந்து பார்த்தான். பிறகு அவன் கை மறுபடியும் உயர்ந்தது. மேலே ரஹீம் பாயின் கைகள் உள்ளே போயின. விரல் நுனி மட்டும் அசைந்தது. அவன் வேகத்தைக் குறைத்துவிட்டான். இவர் குறைப்பதைவிட இரண்டு விரற்கடை தள்ளிக் குறைப்பான், அவ்வளவுதான்.

நாராயணஸ்வாமி நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ ரோட்டார்களை இறக்கியிருக்கிறார், ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை! அவர் பார்த்ததெல்லாம் இடைவெளியை, மயிரிழை வெளிச்சத்தை. இப்போதுதான் ரோட்டாரைப் பார்க்கிறார். ஒரு முனையில் ஒடுங்கி, வரிசைக்கு வரிசை அகன்று, மறுமுனையில் நாகஸ்வரத்தின் வாயாக விரிந்திருந்தது அது. கூரைக் கண்ணாடி வழியே விழுந்த வெயில் அதன் தகடுகளில் வரிசையாக ஏறி இறங்கியது. அவ்வளவு பெரிய எஃகு, ஒருவனுடைய விரல் நுனிக்குக் கட்டுப்பட்டு, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. சத்தமே இல்லை. பக்கத்துக் கூடத்தில் கடைசல் இயந்திரங்கள் எத்தனை, அரைக்கிற இயந்திரங்கள் எத்தனை! ஒன்றும் ஓடவில்லை. ரோட்டார் இறக்கும்போது தனக்கு வெளியே எந்தச் சத்தமும் கேட்காது என்பது அவருக்குத் தெரியும். தன் கவனம் அப்படிப்பட்டது என்று வீட்டில்கூடப் பெருமையடித்திருக்கிறார். திரும்பிப் பார்த்தார். பக்கத்துக் கூடத்து ஆட்கள் தங்கள் இயந்திரங்களை நிறுத்திவிட்டு, கைத்துணியைக் கையில் பிடித்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள். யாரும் அவர்களுக்கு ஆர்டர் போட்டதில்லை. ஒவ்வொரு ரோட்டாருக்கும் அவர்கள் நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். ஒரே ஒரு கை என்று அவர் நினைத்திருந்தாரே, அதற்குப் பின்னால் இத்தனை கைகள் சும்மா இருந்திருக்கின்றன.

ரோட்டார் உட்கார்ந்தது. நாலு மூலையிலிருந்தும் நாலு குரல்கள் சரி என்றன. ஜகதீசன் முஷ்டியை மூடினான். மூடிய கையை உடனே இறக்க அவனுக்கு மனசு வரவில்லை. நாராயணஸ்வாமியின் கண்ணாடி பூரா ஈரம்.

கொஞ்ச நேரம் கழித்து ஜகதீசன் மேடைக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சார், லெவல் ஒரு தபா பாத்துடுறீங்களா?"

"நீ பாத்தியோன்னோ?"

"பாத்தேன் சார்."

"அப்புறம் நான் என்னத்துக்குடா?" என்றார் நாராயணஸ்வாமி. கம்பியிலிருந்து கையை எடுக்கவே மறந்திருந்தார்.

வீட்டுக்குப் போனதும் கல்பகம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னன்னா, நல்லபடியா ஆச்சா? நீங்கதானே எறக்கினேள்?"

"இல்லே. ஜகதீசன்."

"பின்னே இத்தனை நாழி அங்க என்ன பண்ணிண்டிருந்தேள்?"

"பாத்துண்டிருந்தேன்."

கல்பகம் அவர் முகத்தையும் சிவந்த கண்களையும் பார்த்தாள். புறங்கையால் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மிளகு ரசம் வைக்கப் போனாள். கமலம் துக்கம் விசாரித்தது சரிதான், பயிற்சி ஆளை அடித்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பேராசிரியர் மறக்காமல் கேட்டார். நாராயணஸ்வாமி எழுந்தார். சொல்ல எத்தனையோ இருந்தது. "ரோட்டார் அவ்வளவு அழகுன்னு எனக்கு யாருமே சொல்லலையே சார்," என்றார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த சின்னசாமி அவர் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தினார்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் அந்தத் தொழிற்சாலையில் இருந்தார். பதவி உயர்வும் வந்தது. ஜகதீசன் கை காட்டினான். பிறகு அவன் பழக்கிய வேறு இருவரும் காட்டினார்கள். எந்த ரோட்டார் இறங்கினாலும் நாராயணஸ்வாமி மேடைக்கு வந்து, இரண்டு கைகளையும் கம்பியில் வைத்துக்கொண்டு நிற்பார். ஹாத்வாலே சாமி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. புதிதாக வந்தவர்கள் அந்தக் கம்பிக்காகத்தான் அந்தப் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஓய்வு பெறும் நாளன்று ஷாப்பில் ஒரு ரோட்டார் தயாராக இருந்தது. தற்செயல் ஒன்றும் இல்லை. ஜகதீசன் திட்டம் போட்டு அன்றைக்கென்று நிறுத்தி வைத்திருந்தான். மாலை போட்டு, போட்டோ எடுத்து, பேசுகிறவர்களெல்லாம் பேசி முடித்த பிறகு அவரைக் கூட்டின் எதிரே அழைத்துக்கொண்டு போனான். உயரத்திலிருந்து ரஹீம் பாய் சலாம் வைத்தார். பக்கத்துக் கூடத்தில் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"சார், கடைசியா ஒரு தபா. உங்க கையால," என்றான் ஜகதீசன்.

நாராயணஸ்வாமி தொங்குகிற ரோட்டாரைப் பார்த்தார். வலது கையைப் பார்த்தார். ஆசை இல்லாமல் இருக்குமா? விரல் லேசாகத் துடிக்கத்தான் செய்தது.

"வேண்டாண்டா ஜகதீசா," என்றார். "கை காட்டினா என்னால பாக்க முடியாதே."

மாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, மேடைக்கு ஏறி, கம்பியின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார்.